பட்டனைக் காட்டினா போதுமா? பல்கலைக்கழக மொழி டீச்சருங்களுக்கான டெக்னாலஜி ட்ரெயினிங் பத்தி

ஒரு பல்கலைக்கழகத்துல மொழித்துறை டீச்சருங்களுக்காக ரெண்டு மணி நேர ட்ரெயினிங் ஒண்ணு நடந்துச்சு, நான் பின் வரிசையில உக்காந்திருந்தேன். நடத்த வந்தவர் ஐடி பிரிவைச் சேர்ந்தவர், நல்ல மனுஷன், பொறுமையா பேசுறவர். எங்க கிளிக் பண்ணா வகுப்பு ஓப்பன் ஆகும், அசைன்மென்ட் எப்படிப் போடணும், மார்க்கை எப்படி எக்ஸெல்ல இறக்கணும்னு ஒவ்வொண்ணா காட்டிக்கிட்டே வந்தாரு, எல்லாரும் நோட்டுல குறிச்சுக்கிட்டே வந்தாங்க. கடைசியில கேள்வி நேரம். இருபது வருஷத்துக்கு மேல பிரெஞ்சு சொல்லித்தர்ற ஒரு மேடம் எழுந்து, "சார், என் வகுப்புல முப்பது பேர், ஆன்லைன்னு வந்துட்டா ஒருத்தரும் வாயைத் தொறக்க மாட்டேங்குறாங்க, அவங்களைப் பேச வைக்கணும், அதுக்கு இதுல என்ன வழி?"ன்னு கேட்டாங்க. அவரு கொஞ்சம் யோசிச்சுட்டு, "அன்மியூட் பட்டன் இங்க இருக்கு மேடம்"னு கர்சரைக் கொண்டுபோய்க் காட்டினாரு.

அவர் மேல தப்பு சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிஞ்சது சிஸ்டம், மேடம் கேட்டது மொழியை எப்படிக் கத்துக்கிறாங்கன்றதைப் பத்தி. இந்த ரெண்டுக்கும் நடுவுல யாருமே நிக்கிறதில்ல. ட்ரெயினிங் நடக்குது, கையெழுத்து வாங்குறாங்க, சர்டிபிகேட் வருது, அடுத்த வாரம் வகுப்பு பழையபடியே ஓடுது. உடனே "டீச்சருங்களுக்கு ஆர்வம் இல்ல, வயசாயிடுச்சு, மாற மாட்டாங்க"ன்னு ஒரு பேச்சு கிளம்பும். எனக்கு அதுல கொஞ்சமும் உடன்பாடு இல்ல. பாடத்துல இருக்குற சிக்கல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டிய ட்ரெயினிங்கை சாஃப்ட்வேர் மெனுல இருந்து ஆரம்பிக்கிறோம், கோளாறு அங்கதான்.

மொழி வகுப்புக்குன்னு தனியா ட்ரெயினிங் எதுக்கு, எல்லா டீச்சருக்கும் சேத்து ஒண்ணா நடத்தினா ஆகாதான்னு நிர்வாகத்துல கேப்பாங்க. ஆகாது. வரலாறு வகுப்புல ஒரு மணி நேரம் லெக்சர் குடுக்குறாங்கன்னா சத்தம் ஒரு செகண்ட் தாமதமா வந்தாலும் ஒண்ணும் கெட்டுப்போகாது. மொழி வகுப்புல பேச்சுதான் பாடமே. மனுஷங்க பேசும்போது ஒருத்தர் முடிச்சு அடுத்தவர் ஆரம்பிக்கிற இடைவெளி எவ்வளவுன்னு 10 மொழிகள்ல அளந்து பாத்து 2009ல ஒரு ஆய்வு வந்துச்சு, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவுல சராசரியா 200 மில்லிசெகண்டை ஒட்டித்தான் இருக்கு, அதாவது ஒரு செகண்டுல அஞ்சுல ஒரு பங்கு. வீடியோ கால்ல சத்தம் போய்ச் சேர்ற தாமதமே பல நேரம் இதைத் தாண்டிடுது. அதனால ரெண்டு பேர் ஒரே நேரத்துல ஆரம்பிக்கிறாங்க, ரெண்டு பேரும் நிறுத்துறாங்க, "நீ சொல்லு", "இல்ல நீ சொல்லு", அப்புறம் அமைதி. தாய்மொழியிலயே இப்படித் தடுமாறுறோம்னா, வாக்கியத்தை மனசுக்குள்ள கோத்துக்கிட்டு இருக்குற ஒரு புது ஆளுக்கு அந்த அமைதி எவ்வளவு பயமா இருக்கும்னு நெனச்சுப் பாருங்க. மேடத்தோட வகுப்புல யாரும் பேசாததுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். இது தெரிஞ்ச டீச்சர், யார் அடுத்து பேசணும்னு வரிசையை முன்னாடியே சொல்லிடுவாங்க, முதல்ல சாட்ல ஒரு வரி எழுதச் சொல்லிட்டு அப்புறம் அதையே பேசச் சொல்லுவாங்க, முப்பது பேரை மூணு மூணு பேரா பிரிச்சு விடுவாங்க. இதுல எதுக்கும் புதுசா ஒரு டூல் தேவையே இல்ல.

இன்னொண்ணு நான் நேர்ல பாத்தது. இங்கிலீஷ் உச்சரிப்பு வகுப்பு, ஆன்லைன்ல. ஒரு பையன் 'ஸ்'ல முடியுற சொல்லைச் சொல்றான், டீச்சருக்கு அது 'ஃப்' மாதிரி கேக்குது, திரும்பச் சொல்லச் சொல்றாங்க, நாலு தடவை ஆச்சு, அஞ்சாவது தடவை அவன் குரலே இறங்கிப்போச்சு. வகுப்பு முடிஞ்சதும் அதே சொல்லைத் தன் ஃபோன்லயே ரெக்கார்ட் பண்ணி அனுப்பினான், அதுல 'ஸ்' தெளிவா, சரியா இருந்துச்சு! நடந்திருக்கக்கூடியது என்னன்னா, 'ஸ்' ஒலியோட பெரும்பங்கு 4000 ஹெர்ட்ஸுக்கு மேலதான் இருக்கு, பழைய டெலிஃபோன் இணைப்பு கொண்டுபோறதோ 300ல இருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான், அந்த மாதிரி ஃபோன் கால்ல 'ஃப்'பும் 'ஸ்'ஸும் குழம்புறது அதனாலதான். மீட்டிங் சாஃப்ட்வேர்ல சிக்கல் வேற மாதிரி, இரைச்சலை அமுக்குற வசதி ஓடிக்கிட்டே இருக்கும், காத்து மாதிரி வர்ற ஒலிகளை அது இரைச்சல்னு எடுத்துக்க வாய்ப்பு உண்டு. ஜூம்ல 'ஒரிஜினல் சவுண்ட்'னு ஒரு செட்டிங் இருக்கே, மைக்ல விழுறதை வடிகட்டாம அனுப்புறதுக்குத்தான் அது. உச்சரிப்பு சொல்லித்தர்றவங்களுக்கு அந்த ஒரு செட்டிங்கும், அது ஏன் இருக்குன்ற விளக்கமும், ஐம்பது ஸ்லைடை விட உபயோகமா இருக்கும். எல்லாத் துறைக்கும் பொதுவா நடத்துற ட்ரெயினிங்ல இது வரவே வராது, ஏன்னா மத்தவங்களுக்கு இது தேவைப்படுறதில்ல.

இது நேத்து முளைச்ச சிக்கலும் இல்ல. 1957 அக்டோபர்ல சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை அனுப்பினதும் அமெரிக்கா ஆடிப்போச்சு, 1958ல தேசிய பாதுகாப்புக் கல்விச் சட்டம்னு ஒண்ணு கொண்டுவந்து, அறிவியல் கணக்கோட சேத்து வெளிநாட்டு மொழிகளுக்கும் பணம் ஒதுக்கினாங்க. ஆயிரக்கணக்குல லேங்குவேஜ் லேப் வந்துச்சு, தடுப்பு வச்ச மேசை, ஹெட்ஃபோன், டேப் ரெக்கார்டர், எல்லாரையும் கேக்குற மாதிரி டீச்சருக்கு ஒரு கன்சோல். டீச்சருங்களுக்குப் பயிற்சி குடுக்கவும் அதே சட்டத்துல பணம் இருந்துச்சு, அதை மறந்துடக் கூடாது. ஆனா 1960களோட பின்பாதியில பென்சில்வேனியாவுல பெரிய அளவுல ஒரு ஆய்வு நடத்தினாங்க, வாரம் ரெண்டு தடவை லேப் போறதால மாணவர்களோட மொழித்திறன்ல குறிப்பிட்டுச் சொல்ற மாதிரி வித்தியாசம் எதுவும் வரலன்னு முடிவு வந்துச்சு. டேப்ல வர்றதைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்றது, ஒரு சொல்லை மட்டும் மாத்திச் சொல்றது, இதுதான் பெரும்பாலும் அங்க நடந்தது, அர்த்தம் புரியாமலே ஒரு மணி நேரத்தை ஓட்டிடலாம். கத்துக்கிறதைப் பத்தின யோசனை மாறாத வரைக்கும் மெஷின் அதே பழைய யோசனையைத்தான் பெரிய சத்தத்துல திருப்பிச் சொல்லும்.

அதுக்கப்புறம் வந்த டூல்களோட கதையும் ட்ரெயினிங் நடத்துறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது. 1960ல இல்லினாய் பல்கலைக்கழகத்துல பிளேட்டோன்னு ஒரு கம்ப்யூட்டர் கல்வி சிஸ்டம் ஆரம்பிச்சாங்க, பின்னாடி அதுல மொழிப் பாடங்களும் வந்துச்சு, பாடம் எழுதறதுக்குன்னே ட்யூட்டர்னு தனியா ஒரு புரோகிராமிங் மொழி இருந்துச்சு. 1990களோட பின்பாதியில கனடாவுல விக்டோரியா பல்கலைக்கழகத்துல இருந்து ஹாட் பொட்டேட்டோஸ்னு ஒரு சாஃப்ட்வேர் வந்துச்சு, கோடிட்ட இடம் நிரப்புறது, பொருத்துறது மாதிரி பயிற்சிகளை புரோகிராமிங் தெரியாத டீச்சரே செஞ்சு வெப்ல போடலாம். நடுவுல ஃப்ளாஷ் வந்துச்சு, படம் அசையும், சொல்லைத் தொட்டா சத்தம் வரும்னு எத்தனையோ டீச்சருங்க ராத்திரி கண்ணு முழிச்சுப் பயிற்சிகள் செஞ்சு வச்சாங்க. 2020 டிசம்பர் 31ஓட அடோபி ஃப்ளாஷுக்கான ஆதரவை நிறுத்திடுச்சு, அடுத்த சில நாள்ல ஃப்ளாஷ் பிளேயர் ஓடாம நின்னே போச்சு, அத்தனை உழைப்பும் வெறும் கட்டமா நின்னுச்சு. பட்டன் எங்க இருக்குன்னு மட்டும் கத்துக்கிட்டவங்களுக்கு அன்னைக்கு எல்லாமே போச்சு. இந்தப் பயிற்சி எதுக்கு, இந்த இடத்துல பசங்க ஏன் தடுக்குறாங்கன்னு தெரிஞ்சு செஞ்சவங்க வேற ஒண்ணுல திரும்பக் கட்டிக்கிட்டாங்க.

ஆராய்ச்சிக்காரங்க இதை ரொம்ப நாளாவே சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க. லீ ஷுல்மன் 1986ல சொன்னது, பாடம் தெரியுறது வேற, சொல்லித்தரத் தெரியுறது வேற, இந்தப் பாடத்தை இந்த ஆளுக்கு எப்படிச் சொல்லித்தரணும்னு தெரியுறது மூணாவது ஒரு அறிவு, அதுதான் டீச்சரோட சொத்துன்னு. இறந்தகாலம் எப்படி அமையும்னு இலக்கணப் புத்தகத்துல இருக்கு, எந்தத் தாய்மொழிக்காரங்க அதுல எந்த இடத்துல வழுக்குவாங்கன்றது டீச்சர் தலையிலதான் இருக்கு. 2006ல மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துல இருந்த மிஷ்ராவும் கோலரும் டெக்னாலஜி அறிவையும் இதோட சேத்து, பாடம், சொல்லித்தர்ற முறை, டெக்னாலஜி மூணும் பின்னிக்கிடக்கணும், தனியா ஒட்டவச்சா ஒட்டாதுன்னு சொன்னாங்க, டிபேக்னு ட்ரெயினிங் ஸ்லைடுகள்ல மூணு வட்டம் போட்டுக் காட்டுவாங்களே அதுதான். எனக்கு அதை விடப் பிடிச்சது மொழிக்குன்னே வந்த ஒண்ணு, பிரிட்டன் ஓப்பன் யுனிவர்சிட்டியில ரெஜினா ஹாம்பெல், உர்சுலா ஸ்டிக்லர் ரெண்டு பேரும் 2005ல போட்ட பிரமிடு. மொத்தம் ஏழு படி. அடியில கம்ப்யூட்டரை இயக்கத் தெரியுறது, அதுக்கு மேல குறிப்பிட்ட சாஃப்ட்வேர், அதுக்கு மேல அந்த மீடியத்தால எது முடியும் எது முடியாதுன்னு தெரியுறது, அப்புறம் ஆன்லைன்ல ஒரு வகுப்பை ஒருத்தரோட ஒருத்தர் பழகுற கூட்டமா ஆக்குறது, அதுக்கு மேல பேச வைக்கிறது, அப்புறம் படைப்புத்திறன், உச்சியில தனக்குன்னு ஒரு பாணி. நான் பாத்த பெரும்பாலான ட்ரெயினிங் ரெண்டாவது படியோட நின்னுடுது. பிரெஞ்சு மேடத்தோட கேள்வி அஞ்சாவது படியில இருந்து வந்தது.

டெக்னாலஜி சாதாரணமா இருந்தாலும் யோசனை நல்லா இருந்தா எவ்வளவு தூரம் போகலாம்னு பாக்கணும்னா எம்ஐடியில 1997ல ஆரம்பிச்ச கல்ச்சுரான்ற திட்டத்தைப் பாருங்க. பிரெஞ்சு கத்துக்கிற அமெரிக்க மாணவர்கள் ஒரு பக்கம், இங்கிலீஷ் கத்துக்கிற பிரெஞ்சு மாணவர்கள் இன்னொரு பக்கம். ரெண்டு பக்கத்துக்கும் ஒரே கேள்விகள், இந்தச் சொல்லைக் கேட்டதும் உனக்கு என்ன தோணுது, இந்த வாக்கியத்தை எப்படி முடிப்பன்னு. பதில்களை ஒரே வெப் பக்கத்துல இடது வலதுன்னு பக்கத்துல பக்கத்துல வச்சாங்க, டெக்னாலஜின்னா அவ்வளவுதான், அதோட ஒரு ஃபோரம். 'தனிமனிதவாதம்'ன்ற சொல்லுக்கு அமெரிக்கப் பக்கம் சுதந்திரம் மாதிரி நல்ல அர்த்தத்துல சொற்கள் வந்துச்சு, பிரெஞ்சுப் பக்கம் சுயநலம் மாதிரியான சொற்கள். அகராதியில ரெண்டும் ஒரே சொல்! உடனே பசங்களுக்கு ஏன் ஏன்னு கேக்கத் தோணும், கேக்கணும்னா எழுதணும், படிக்கணும். ஃபோரம்ல அவங்கவங்க தாய்மொழியிலயே எழுதினாங்க, அதனால எதிர்ப்பக்கம் படிக்கக் கெடச்சது அசல் மொழி. இந்தத் திட்டத்துக்கு டீச்சரைத் தயார் பண்ணணும்னா எந்தப் பட்டனைக் கத்துக் குடுப்பீங்க? எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கணும், ரெண்டு பக்கமும் மனஸ்தாபம் வந்தா எப்படிக் கையாளணும், எப்ப வாயை மூடிக்கிட்டு பசங்களையே கண்டுபிடிக்க விடணும், இதெல்லாம்தானே ட்ரெயினிங்.

2020ல கொரோனா வந்தப்போ எல்லாரும் ஒரே வாரத்துல ஆன்லைனுக்கு மாறினாங்க. அந்த மார்ச்லயே சில கல்வி ஆராய்ச்சியாளர்கள், இதை ஆன்லைன் கல்வின்னு சொல்லாதீங்க, இது அவசரத்துக்கு தூரத்துல இருந்து நடத்துற வகுப்பு, திட்டம் போட்டுச் செய்யுற ஆன்லைன் கோர்ஸ் வேறன்னு பிரிச்சு எழுதினாங்க. அந்த வித்தியாசம் நிர்வாகங்கள் காதுல விழுந்த மாதிரி தெரியல. "அதான் ரெண்டு வருஷம் ஆன்லைன்ல நடத்துனீங்களே, இன்னும் என்ன ட்ரெயினிங்"ன்ற கேள்வியை அதுக்கப்புறம் நெறைய பேர் கேட்டிருப்பீங்க. அந்த ரெண்டு வருஷத்துல டீச்சருங்க தங்களுக்குள்ளயே வாட்ஸப்ல கேட்டுக் கேட்டு முதல் ரெண்டு படியை ஏறிட்டாங்க, அது பெரிய சாதனை, யாரும் பாராட்டலன்னாலும் சாதனைதான். மேல இருக்குற அஞ்சு படி அப்படியே இருக்கு. இதுல இன்னொரு விஷயமும் சேந்துக்கிச்சு. மொழித்திறனை அளக்க உலகம் பூரா பயன்படுத்துற ஐரோப்பிய பொதுச் சட்டகம் 2001ல வந்தது, 2020ல அதுக்கு வந்த துணைத்தொகுதியில ஆன்லைன்ல உரையாடுறதுக்குன்னே தனி அளவுகோல் இருக்கு. அப்போ டெக்னாலஜின்றது பாடம் நடத்துற வழி மட்டும் இல்ல, பசங்க கத்துக்க வேண்டிய மொழிப் பழக்கத்துலயே ஒரு பகுதி ஆயிடுச்சு.

ஏஐ பத்தி எல்லாரும் 2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்ததுல இருந்து பேசுறாங்க, மொழித்துறைக்கு அது முன்னாடியே வந்தாச்சு. கூகுள் 2016லயே நியூரல்ன்ற ஏஐ மொழிபெயர்ப்புக்கு மாறிடுச்சு, 2017ல டீப்எல்னு இன்னொரு மொழிபெயர்ப்பு டூல் வந்துச்சு, முதல் வருஷப் பையன் மூணாவது வருஷ வாக்கியம் எழுதி வர்றதை அப்பவே மொழி டீச்சருங்க பாத்துட்டாங்க. அன்னைக்கே இதைப் பத்தி ஒழுங்கா ட்ரெயினிங் நடந்திருந்தா இன்னைக்கு மத்த துறைகளுக்கு வழி காட்டுற இடத்துல இருந்திருப்போம். நடந்தது என்னவோ, ஏஐ எழுதினதைக் கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேரை, அதாவது டிடெக்டரைத் தேடுறது. அதுல ஒரு ஆபத்து இருக்கு, மொழி டீச்சர் ஒவ்வொருத்தருக்கும் இது தெரிஞ்சிருக்கணும்: 2023ல ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சியாளர்கள், இங்கிலீஷைத் தாய்மொழியா கொண்டிராதவங்க எழுதின டோஃபல்ன்ற இங்கிலீஷ் திறன் தேர்வுக் கட்டுரைகள் 91ஐ 7 ஏஐ டிடெக்டர்ல போட்டுப் பாத்தாங்க, சராசரியா பாதிக்கு மேல மெஷின் எழுதினதுன்னு வந்துச்சு. எளிமையான, எதிர்பாக்கக்கூடிய சொற்கள்ல எழுதினா மெஷின்னு சந்தேகப்படுற மாதிரிதான் அந்த டிடெக்டர்கள் வேலை செய்யுது, புதுசா மொழி கத்துக்கிறவங்க அப்படித்தானே எழுதுவாங்க. சாட்ஜிபிடியை உருவாக்குன ஓப்பன்ஏஐயே தன்னோட டிடெக்டரைத் துல்லியம் போதலன்னு 2023 ஜூலைல எடுத்துடுச்சு. இது தெரியாம ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு "நீ எழுதலல்ல"ன்னு கேட்டா அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும்?

ஏஐல உருப்படியா என்ன கத்துக் குடுக்கலாம்னா, ஒரு பத்தியை வச்சு ரெண்டு விதமா செஞ்சு பாக்கச் சொல்லுங்க, ஒரு தடவை டீச்சருங்களோட நானே உக்காந்து செஞ்சேன். மாணவி எழுதின எட்டு வரி. முதல்ல "திருத்திக் குடு"ன்னு கேட்டோம், பளபளன்னு ஒரு பத்தி வந்துச்சு, அந்தப் பொண்ணோட குரலும் போச்சு, அவ காலத்தை மாத்தி எழுதின தப்பும் அவ கண்ணுல படாமலே மறைஞ்சுபோச்சு. ரெண்டாவது தடவை "எதையும் திருத்தாத, வினைச்சொல்லோட காலம் தப்பா இருக்குற மூணு இடத்தை மட்டும் சுட்டிக்காட்டு, சரியானதைச் சொல்லாத"ன்னு கேட்டோம். மூணு இடம் வந்துச்சு. உக்காந்து சரி பாத்தா அதுல ஒண்ணு தப்பே இல்ல, அவ எழுதினதுதான் சரி, மூணு கேட்டோம்னு எண்ணிக்கைக்கு ஒண்ணைச் சேத்திருக்கு. அந்த அரை மணி நேரத்துல எப்படிக் கேக்கணும், ஏன் நம்பக் கூடாது, எது நம்ம வேலைன்னு மூணுமே வந்தவங்களுக்குப் புரிஞ்சுபோச்சு.

சரி, நேரம். இதைப் பேசாம ட்ரெயினிங் பத்திப் பேசுறதுல அர்த்தமே இல்ல. பல இடங்கள்ல மொழி வகுப்பு எடுக்குறவங்க நிரந்தர வேலையில இல்லாதவங்க, மணிக்கணக்குச் சம்பளம், செமஸ்டருக்கு செமஸ்டர் கான்ட்ராக்ட். அமெரிக்காவுல மாடர்ன் லேங்குவேஜ் அசோசியேஷன்ன்ற மொழி, இலக்கியப் பேராசிரியர்கள் சங்கம் 2007ல வெளியிட்ட அறிக்கையே மொழித்துறைக்குள்ள ரெண்டு அடுக்கு இருக்குறதைச் சொல்லிக் கண்டிச்சுச்சு, மேல் அடுக்குல இலக்கியம், கீழ் அடுக்குல மொழி வகுப்பு, முடிவெடுக்கிற இடத்துல கீழ் அடுக்குக்குக் குரல் இல்ல. அவங்களை சனிக்கிழமை காலையில சம்பளம் இல்லாம ட்ரெயினிங்குக்குக் கூப்பிட்டுட்டு, "ஆர்வமா வரலை"ன்னு ரிப்போர்ட் எழுதுறது அநியாயம். நிரந்தரமா இருக்குறவங்களுக்கும் ப்ரமோஷன்ல எண்ணுறது ஆராய்ச்சிக் கட்டுரையும், எத்தனை ட்ரெயினிங் சர்டிபிகேட்ன்ற எண்ணிக்கையும்தான், வகுப்புல என்ன மாறுச்சுன்னு யாரும் வந்து பாக்குறதில்ல. வகுப்புக்கு ஒரு புது டாஸ்க் யோசிச்சு, செஞ்சு பாத்து, சரிப்படாம திருத்தி, திரும்பச் செய்ய ஆகுற நேரத்தை வேலை நேரமா கணக்குல எடுத்தாத்தான் மேல சொன்னது எதுவும் நடக்கும்.

ப்ரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் ரெண்டு பேரும் 1980கள்லயே டீச்சர் ட்ரெயினிங் பத்தி ஆராய்ஞ்சு சொன்னது இதுதான்: விளக்கம், செஞ்சு காட்டுறது, செஞ்சு பாக்குறது, ஃபீட்பேக், இதெல்லாம் இருந்தாலும் கத்துக்கிட்டது வகுப்புக்குள்ள போகணும்னா அதுக்கப்புறமும் கூட ஒருத்தர் இருக்கணும், பக்கத்து டீச்சரா இருந்தாலும் போதும். ஒரு நாள் ஒர்க்ஷாப்புல முதல் மூணு நடக்கும். அடுத்த ரெண்டும் அந்தச் செமஸ்டர் முழுக்க நடக்க வேண்டியது.

அந்தப் பிரெஞ்சு மேடம் அதுக்கப்புறம் தன் துறையில இருந்த ரெண்டு பேரைச் சேத்துக்கிட்டாங்க, ஒருத்தர் ஜெர்மன், ஒருத்தர் ஸ்பானிஷ். துறைத்தலைவர் ரெண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரத்தை டைம்டேபிள்லயே ஒதுக்கிக் குடுத்தாரு, அது பெரிய விஷயம். எடுத்துக்கிட்டது ஒரே ஒரு கேள்வி: பேச வைக்கிறது எப்படி? முதல்ல மூணு மூணு பேரா பிரிச்சு "பேசுங்க"ன்னு விட்டுப் பாத்தாங்க, பசங்க தாய்மொழியில பேசிட்டு வந்துட்டாங்க. அடுத்து வகுப்புக்கு முன்னாடியே 40 செகண்ட் ஆடியோ அனுப்பச் சொன்னாங்க, எழுதி வச்சுப் படிச்சு அனுப்பினாங்க. ஜெர்மன் டீச்சர் ஒரு வகுப்புல வந்து கூட உக்காந்து பாத்துட்டு, "நீங்க குடுத்த டாஸ்க்ல ஒருத்தருக்குத் தெரிஞ்சது இன்னொருத்தருக்கும் தெரியுதே, அப்புறம் அவங்க எதுக்குப் பேசணும்"னாங்க. அடுத்த வாரம் ஒரு வீட்டோட படத்தை மூணு பேருக்கும் மூணு விதமா மாத்தி அனுப்பினாங்க, ஒருத்தர் படத்தை ஒருத்தர் பாக்க முடியாது, பேசித்தான் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கணும், முதல்ல யார் பேசணும்னு பேர் குறிச்சு வச்சாங்க. எட்டு நிமிஷம் முடிஞ்சு எல்லாரையும் திரும்ப வரவழைச்சப்போ, அதுவரைக்கும் மைக்கே ஆன் பண்ணாத ஒரு பையன் பிரெஞ்சுல, ஒரு தப்போட, "மேடம், இன்னும் ரெண்டு நிமிஷம் குடுங்க, ஜன்னலைப் பத்தி இன்னும் முடிவாகல"ன்னான். மேடம் தப்பைத் திருத்தல, ரூமைத் திரும்பத் தொறந்து விட்டாங்க.